தராசு முதலில், சங்கம் பிறகு

இறைச்சி ஆடு வளர்ப்போர் ஒன்றுசேர்ந்து நியாயமான விலைக்கு விற்கும் வழி

பல்லடம் வட்டாரப் பண்ணைகளில் கறிக்கோழி ஏற்ற வரும் வண்டி தராசு இல்லாமல் வருவதில்லை. இரண்டு கிலோ கோழிக்கு உயிர் எடையில் கிலோ இன்ன விலை என்று அறிவிப்பு வருகிறது. கல்பாக்கம் அருகே அணுபுரத்தைச் சுற்றியுள்ள நெரும்பூர், வாயலூர், மணமை, திருக்கழுக்குன்றம் பக்கத்து ஊர்களில் 25 கிலோ கிடா இன்னும் கண் மதிப்பில்தான் கைமாறுகிறது. வியாபாரி முதுகெலும்பைத் தடவிப் பார்க்கிறார், இடுப்பைத் தூக்கிப் பார்க்கிறார், ஒரு தொகை சொல்கிறார். நாள்தோறும் உருப்படிகளை வாங்கி, உரித்து, கறியை நிறுத்துப் பார்ப்பவர் அவர். அவர் கையே அவருக்குத் தராசு. வளர்த்தவரோ ஆண்டுக்கு நாலைந்து ஆடு விற்பவர். தன் ஆடு எத்தனை கிலோ கறி கொடுத்தது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. அளவு ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரிந்த பேரத்தில் மறுபக்கம் எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினாலும் பயனில்லை. இந்த அத்தியாயம் அந்த நிலையை மாற்றும் வேலையை வரிசைப்படுத்திச் சொல்கிறது.

ஏன் இந்த வரிசை

கூட்டுறவு என்று பேச்செடுத்ததும் முதலில் நடப்பது பெயர் வைப்பதும், பதிவுக்கு அலைவதும், தலைவர் யார் என்ற சண்டையும்தான். அதையெல்லாம் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் தராசு, அடுத்து அவசரப் பணம், அதன்பின் கூட்டு விற்பனை, எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு பதிவு. இந்த வரிசைக்குக் காரணம் நம் கண்முன்னே இருக்கிறது. 1946இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் எழுந்த பால் கூட்டுறவும், அந்த மாதிரியில் 1981இல் தமிழ்நாட்டில் உருவான ஆவின் இணையமும் நிலைத்ததற்குத் தியாகமும் தலைமையும் மட்டும் காரணமில்லை. ஊர்ச் சங்கத்து வாசலிலேயே பால் அளக்கப்படுகிறது. கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளும் சோதிக்கப்படுகின்றன. 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாக உயர்ந்தபோது, அந்த 3 ரூபாய் ஒவ்வொரு உறுப்பினர் கணக்கிலும் இறங்க வழி ஏற்கெனவே இருந்தது. அளக்காத பொருளுக்கு விலை உயர்வை யாரும் இப்படி இறக்கித் தர முடியாது.

அளவும் அறிவிப்பும் மட்டுமே போதுமா என்றால், நாமக்கல்லைப் பாருங்கள். முட்டை விலையை வியாபாரிகளே முடிவு செய்த நிலைக்கு எதிராக, பி.வி. ராவ் முன்னின்று 1982இல் அமைந்தது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. நாமக்கல் மண்டலத்துக்கென்று விலை அறிவிக்கும் வழக்கம் பண்ணையாளருக்குக் கிடைத்த பெரிய பலம். ஆனாலும் தேக்கம் ஏற்படும் நாட்களில் அறிவித்த விலையிலிருந்து ‘மைனஸ்’ கழித்துக் கேட்பது அங்கே பழைய சிக்கல். முட்டை கெட்டுப்போகும், பாலும் அப்படியே. விற்பவர் காத்திருக்க முடியாது என்பது வாங்குபவருக்குத் தெரியும். ஆடு வேறு வகை. தழை தின்றபடி இன்னும் ஒரு மாதம் நிற்கும், எடையும் கூடும். ஆடு காத்திருக்கும், குடும்பத்தால்தான் காத்திருக்க முடியவில்லை. ஜூனில் பள்ளிக் கட்டணம், ஐப்பசி மழையில் மருத்துவச் செலவு, நடுவில் ஒரு சாவு, ஒரு சீர். பேரம் உடைவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். ஆகவே ஆடு வளர்ப்போரின் பேர வலிமைக்கு இரண்டே தூண்கள்: எடை தெரிவது, காத்திருக்கப் பணம் இருப்பது. கூட்டு என்பது இந்த இரண்டையும் தனிக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் செலவில் பெறுவதற்கான வழி.

படி 1: மூன்று மாதம் எடை மட்டும் போடுங்கள்

150 கிலோ வரை தாங்கும் மின்னணுத் தொங்கு தராசோ மேடைத் தராசோ ஒன்று வாங்குங்கள். பதினைந்து, இருபது குடும்பங்கள் பகிர்ந்தால் ஒருவர் பங்கு சிறியதாகவே இருக்கும். வாங்கும்போதே எடையளவுச் சட்டப்படியான முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை கவனிக்கிறது. முத்திரையில்லாத தராசில் போட்ட எடையை வியாபாரி ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. உரிய காலத்தில் மறுமுத்திரை வாங்கும் பொறுப்பை ஒருவரிடம் எழுத்தில் ஒப்படையுங்கள்.

மூன்று மாதத்துக்கு யாரும் விற்பனை முறையை மாற்ற வேண்டாம். வழக்கம்போல் அவரவர் வியாபாரிக்கே விற்கட்டும். மாதம் ஒருமுறை, காலையில் மேய்ச்சலுக்கு ஓட்டுமுன், தீவனமும் தண்ணீரும் காட்டுமுன் எடை போட்டு, காது வில்லை எண்ணோடு நோட்டில் எழுதுங்கள். விற்ற நாளில் எடை, கிடைத்த தொகை, வாங்கியவர் உள்ளூர்க் கறிக்கடையா சந்தை வியாபாரியா என்ற விவரம் மூன்றையும் குறியுங்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதிக்கே உரிய சென்னைச் சிவப்புச் செம்மறி கம்பளிக்கானது அல்ல, கறிக்கான இனம். உங்கள் பட்டியில் ஓராண்டுக் கிடா 20 கிலோவைத் தொடுகிறதா, 16இலேயே நிற்கிறதா என்பது மூன்று மாத நோட்டில் தெரிந்துவிடும். பின்தங்கிய பட்டிக்குக் குடற்புழு நீக்கமோ அடர்தீவனமோ தேவைப்படலாம். காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இதற்கு நேரில் கேட்கத்தக்க இடங்கள்.

குறிப்பு: தராசு கிடைக்காத நாளில் அளவு நாடா உதவும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரை உடல் நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கிலோ வரும். சுற்றளவு 70, நீளம் 60 என்றால் 27 கிலோ. இது தோராயம்தான், இதை வைத்து விலை முடிக்காதீர்கள். கண் மதிப்பு எவ்வளவு தவறுகிறது என்று பார்க்க மட்டும் போதும்.

படி 2: கறிக்கடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

நியாய விலை என்பதைக் கோபத்தில் முடிவு செய்ய முடியாது, கணக்கில்தான் முடியும். நல்ல நிலையில் உள்ள ஆடு உயிர் எடையில் 45 முதல் 50 சதவீதம் வரை கறியாகும். 25 கிலோ கிடாவை 48 சதவீதத்தில் எடுத்தால் 12 கிலோ கறி. கல்பாக்கம், புதுப்பட்டினம் கடைகளில் கிலோ 800 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் 9,600 ரூபாய். தலை, கால், குடல், ஈரல், தோல் சேர்த்து 900 என்றால் மொத்தம் 10,500. இதில் வண்டிச் செலவு, அறுப்புக் கூலி, கடை வாடகை, விற்காமல் தங்கும் கறி, வியாபாரியின் உழைப்புக்கும் முதலுக்கும் உரிய லாபம் என்று 2,000 கழித்தால் மீதி 8,500. உயிர் எடையில் கிலோவுக்கு 340 ரூபாய். உங்கள் ஊரின் உண்மை விலைகளை இந்த இடங்களில் போட்டு நீங்களே கணக்கெடுங்கள். மாதம் ஒருமுறை மூன்று கடைகளில் விலை விசாரித்து நோட்டில் எழுதுவது ஒரு உறுப்பினரின் நிலையான வேலையாக இருக்கட்டும்.

இந்தக் கணக்கு இரு பக்கமும் வெட்டும். வியாபாரிக்கு 2,000 ரூபாய் ஒதுக்குவது அவருக்குக் காட்டும் இரக்கம் என்று நினைக்க வேண்டாம். அந்தச் செலவுகள் மெய்யானவை, நாளைக்கு நீங்களே கறி விற்றாலும் உங்கள் தலையில் விழுபவை. இடைத்தரகரை ஒழித்தால் எல்லாம் நமக்கே என்று தொடங்கிய பல முயற்சிகள், அவர் செய்த வேலையைச் செய்ய ஆளில்லாமல் நின்றன. மறுபக்கம், கண் மதிப்பில் 3 கிலோ குறைத்து மதித்தாலே இந்தக் கணக்கில் ஒரு ஆட்டுக்கு 1,020 ரூபாய் போகிறது. முதல் ஆண்டில் நீங்கள் மீட்க வேண்டியது இந்தத் தொகையைத்தான். வியாபாரியின் நியாயமான பங்கில் கை வைக்காமலே வருமானம் கூடும் என்றால், அவரோடு பகை எதற்கு?

எடைக்கு விற்கத் தகாத ஆடுகளும் உண்டு. குலதெய்வத்துக்கு நேர்ந்து தேடி வருபவருக்கு நிறமும் கொம்பும் அங்கமும் முக்கியம். கரிய கிடாவுக்கு எடையைத் தாண்டி விலை நிற்கும். சினை ஆடு, பொலிகிடா, நல்ல மறி இவற்றையும் தராசில் ஏற்றி விலை பேசாதீர்கள்.

படி 3: சிறிய குழு, சரியான பெயர்

ஒரே ஊரில், அல்லது நடந்து போகும் தூரத்தில் உள்ள 15 முதல் 25 குடும்பங்கள் போதும். எண்ணிக்கை ஆசை இந்தக் கட்டத்தில் ஆபத்து. ஒருவர் பட்டியை மற்றவர் அறிந்திருப்பதே கடனுக்கும் நோய்த் தடுப்புக்கும் உத்தரவாதம். ஐந்து ஊரைச் சேர்த்தால் அந்த உத்தரவாதம் போய்விடும். உறுப்பினராக யார் பெயர் எழுதப்படுகிறது என்பதில் கண்டிப்பாக இருங்கள். பெரும்பாலான வீடுகளில் ஆட்டை மேய்ப்பதும் குட்டிக்குப் பால் ஊட்டுவதும் பெண்கள், விற்றுப் பணம் வாங்குவது ஆண்கள். வளர்ப்பவர் பெயரில் உறுப்பினர் அட்டையும், அவர் பெயரிலான வங்கிக் கணக்கில் பணமும் இருந்தால்தான் நோட்டில் எழுதும் எடையும் தேதியும் உண்மையாக இருக்கும். ஏற்கெனவே ஓடும் மகளிர் சுய உதவிக் குழு ஒன்று இருந்தால் புதிதாக எதையும் தொடங்காமல் அதிலிருந்தே கிளையுங்கள். கணக்கு எழுதும் பழக்கமும் வங்கி உறவும் அங்கே தயாராக இருக்கின்றன.

படி 4: அவசர நிதி

எடைக்கு அடுத்து இந்த அத்தியாயத்தில் இன்னும் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்ற நிலை வந்தால், இதையே செய்யுங்கள். வியாபாரி முன்பணம் தருகிறார், இரவில் கதவைத் தட்டினாலும் தருகிறார், அவரை விட்டால் யார் இருக்கிறார் என்பது ஆடு வளர்ப்போர் சொல்லும் மிக வலுவான மறுப்பு. அது உண்மையும்கூட. முன்பணம் ஒரு சேவை. ஆனால் அதற்கான வட்டி கண்ணுக்குத் தெரியாமல் ஆட்டின் விலையில் கழிகிறது. முன்பணம் வாங்கியவர் வேறு ஒருவருக்கு விற்கவும் முடியாது. மேலே சொன்ன கிடாவுக்கு 4,000 ரூபாய் முன்பணம் வாங்கி, இரண்டு மாதம் கழித்து 1,000 ரூபாய் குறைவாக விற்றால் மாதத்துக்கு 12 சதவீதத்துக்கும் மேல் வட்டி கட்டியதாகிறது. இதைத் திட்டித் தீர்ப்பதில் பயனில்லை. அதே வேகத்தில் பணம் தர மாற்று வேண்டும்.

20 குடும்பங்கள் வாரம் 100 ரூபாய் போட்டால் 26 வாரத்தில் 52,000 ரூபாய் சேரும். விதிகளைச் சுருக்கமாக எழுதுங்கள்: காது வில்லை போட்ட, எடை போட்ட ஆட்டின் மதிப்பில் பாதிக்கு மேல் கடன் இல்லை, ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் இல்லை, நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி நிதிக்கே சேரும், கூட்டு விற்பனை நாளில் அசலும் வட்டியும் பிடித்தம். பணத்தை வங்கிக் கணக்கில் வையுங்கள், இருவர் கையெழுத்தில் எடுக்கும்படி. உடனே தேவைப்படுவோருக்காக 5,000 ரூபாய் மட்டும் ஒருவர் வீட்டில் இருக்கலாம். உறுப்பினர் அல்லாதவரிடம் வைப்புத்தொகை எதுவும் வாங்கக் கூடாது. கிசான் கடன் அட்டை 2019 முதல் கால்நடை வளர்ப்போருக்கும் கிடைக்கிறது. ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனியே விண்ணப்பிக்கட்டும். அது தீவனத்துக்கும் பராமரிப்புக்குமான பெரிய தொகை. நள்ளிரவு அவசரத்துக்கு ஊர் நிதிதான் உதவும்.

காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. மாதாந்திர எடையில் ஒரு கிலோகூடக் கூடாத ஆட்டை விலை ஏறட்டும் என்று நிறுத்தினால் தீவனமும் உழைப்பும் வீண். அதை விற்றுவிடுங்கள்.

படி 5: நாட்காட்டி போட்டு முதல் கூட்டு விற்பனை

இந்தக் கடற்கரைப் பகுதிக்கு ஒரு வசதி உண்டு. கல்பாக்கம், அணுபுரம் நகரியக் குடும்பங்கள், மாமல்லபுரத்து உணவகங்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகள், பிரியாணிக் கடைகள் என்று வாங்குவோர் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சென்னையும் தூரமில்லை. தேவை எப்போது ஏறும், எப்போது விழும் என்பதை நாட்காட்டியில் குறியுங்கள். ஆடியில் கூழ் வார்ப்பும் கிடா வெட்டும், அடுத்து தீபாவளி, தைப் பொங்கலை ஒட்டிய நாட்கள். புரட்டாசியில் பல குடும்பங்கள் புலால் தவிர்ப்பதால் தேவை சரியும். அந்த மாதத்தில் விற்கும் கட்டாயம் யாருக்கும் வராதபடி அவசர நிதியை ஆவணியிலேயே நிரப்பி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம்பு அழுகலும் குடற்புழுவும் கூடும் என்பதால் தீபாவளிக்கு விற்க வேண்டியவற்றைப் பிந்த விடாதீர்கள்.

பக்ரீத் தனித் திட்டம் கேட்கும். ஒவ்வொரு ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னே வரும் பண்டிகை அது. 2025இல் ஜூன் 7 அன்று வந்தது. வெள்ளாட்டுக்கு ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும். குருடு, நொண்டி, நோய் இருந்தால் குர்பானிக்கு ஏற்க மாட்டார்கள். ஆகவே பண்டிகைக்கு 13 மாதம் முன்பே குட்டி பிறந்திருக்க வேண்டும். சினைக்காலம் 5 மாதம் என்பதால் 18 மாதம் முன்பே இனச்சேர்க்கை. பிறந்த தேதி எழுதிய நோட்டை வாங்குபவரிடம் காட்டினால் பல்லைப் பிடித்துப் பார்க்கும் வாக்குவாதம் குறையும், அதற்கு விலையும் கிடைக்கும்.

முதல் விற்பனையில் எல்லா ஆட்டையும் கொண்டுவராதீர்கள். வியாபாரிகள் பேசிவைத்து வராமல் விட்டால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. அதற்கான பாதுகாப்பு இதுதான். ஒவ்வொருவரும் விற்கத் தயாராக உள்ளவற்றில் மூன்றில் ஒன்றை மட்டும் கூட்டு விற்பனைக்கு விடட்டும். 15, 20 உருப்படி ஓரிடத்தில் கிடைத்தால் வியாபாரிக்கு அலைச்சலும் வண்டிச் செலவும் மிச்சம். அந்த மிச்சத்தில் பங்கு கேட்பதே உங்கள் பேரத்தின் முதல் வரி.

1. ஒரு வாரம் முன்பே மூன்று வியாபாரிகளுக்காவது நாள், இடம், எண்ணிக்கை, மொத்த எடை ஆகியவற்றைச் சொல்லுங்கள்.

2. விலையைக் கிலோவுக்குக் கேளுங்கள், அதையும் எல்லார் முன்னும் வாயால் சொல்லச் சொல்லுங்கள். துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் பேரத்துக்கு அன்று இடமில்லை என்பதை முன்பே தெரிவியுங்கள்.

3. கொழுத்தவை, நடுத்தரம், மெலிந்தவை என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனி விலை வாங்குங்கள். எடை ஒன்றானாலும் கறி ஒன்றாகாது என்ற வியாபாரியின் வாதத்துக்குத் தரப் பிரிவுதான் பதில்.

4. வெறும் வயிற்றில் எடை போடுங்கள். முதல்நாள் உப்பும் தண்ணீரும் கொடுத்து வயிற்றை நிரப்பிய ஆட்டில் ஒன்றிரண்டு கிலோ பொய்யாக ஏறும். ஒருவர் செய்தாலும் அடுத்த முறை மொத்தக் குழுவுக்கும் கிலோ விலை குறையும்.

5. கிலோவுக்கு இதற்குக் கீழே விற்பதில்லை என்ற எல்லையை முதல்நாளே எழுதி மூடி வையுங்கள். அன்று எட்டாவிட்டால் ஆடுகளைத் திருப்பி ஓட்டிப் போங்கள். முதல் தடவையே இதைச் செய்ய வேண்டி வந்தால் கலங்காதீர்கள். அவசர நிதி இருப்பது அதற்காகத்தான்.

6. பணம் கைக்கு வந்த பிறகே ஆடு வண்டியில் ஏறும். கடன் இல்லை.

படி 6: தருவேன் என்ற ஒப்பந்தம்

கூட்டுகள் வெளியிலிருந்து உடைக்கப்படுவதைவிட உள்ளிருந்து கரைவதே அதிகம். வெளியே 10 ரூபாய் கூடக் கிடைத்த நாளில் உறுப்பினர் தனியே விற்கிறார், விலை விழுந்த நாளில் குழுவிடம் வருகிறார். நல்ல ஆடுகள் வெளியே போய், மெலிந்தவை மட்டும் கூட்டு விற்பனைக்கு வந்தால் எந்த வியாபாரியும் மறுமுறை வரமாட்டார். அமெரிக்காவில் கொழுத்த மாடுகளின் அறுப்பில் ஏறத்தாழ 85 சதவீதத்தை நான்கே நிறுவனங்கள் கையில் வைத்திருக்கின்றன. அந்த நிலையில் 1996இல் கான்சாஸ் பகுதி மாட்டுப் பண்ணையாளர்கள் தொடங்கிய யூ.எஸ். பிரீமியம் பீஃப் இதற்கு ஒரு விடை கண்டது: பங்கு வாங்கியவருக்கு அந்த எண்ணிக்கையில் மாடு தரும் உரிமையும் உண்டு, கடமையும் உண்டு, விலை கறியின் தரத்துக்கேற்ப மாறும். பெரிய முதலும் பதப்படுத்தும் ஆலையில் பங்கும் இருந்த அந்த ஏற்பாட்டை அப்படியே நெரும்பூருக்குக் கொண்டுவர முடியாது. கடமை என்ற ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு இத்தனை உருப்படி கூட்டு விற்பனைக்குத் தருவேன் என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுக்கட்டும். தராவிட்டால் ஓர் உருப்படிக்கு 200 ரூபாய் நிதிக்கு. ஆண்டு உபரியில் பங்கு, தந்த எடையின் அளவுக்கே.

படி 7: பதிவு, அதுவும் தேவைப்பட்டால்

ஓராண்டில் நாலைந்து கூட்டு விற்பனை ஒழுங்காக நடந்த பிறகு பதிவைப் பற்றிப் பேசலாம். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983இன் கீழ் சங்கம் அமைப்பது ஒரு வழி. உற்பத்தியாளர் நிறுவனம் மற்றொன்று: 10 உற்பத்தியாளர் இருந்தால் தொடங்கலாம், இயக்குநர்கள் 5 முதல் 15 பேர், பங்கு எத்தனை இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. 2020இல் ஒன்றிய அரசு தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டம், உதவி தரச் சமவெளிப் பகுதியில் 300 உறுப்பினரைக் கேட்டது. பத்து, பதினைந்து ஊர்க் குழுக்கள் இணைந்தால்தான் அது சாத்தியம். சங்கம் என்றால் கட்சிக்காரர் புகுந்துவிடுவார் என்ற அச்சத்தைப் பொருட்படுத்தாமல் விட முடியாது. தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் பொறுப்பில் கூட்டுறவுகள் கிடந்த காலங்களைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. எடையும் விலையும் பிடித்தமும் ஒவ்வொரு விற்பனைக்குப் பின்னும் பொது இடத்தில் ஒட்டப்பட்டால், தலைமைக்கு யார் வந்தாலும் கைவைக்கக் கூடிய இடம் குறையும்.

அறுப்புக்கூடமும் குளிர்பதன வண்டியும் வாங்கும் ஆசையை இந்தக் கட்டத்தில் கட்டுப்படுத்துங்கள். வயநாட்டில் 1999இல் தொடங்கிய பிரம்மகிரி வளர்ச்சிச் சங்கம் ‘மலபார் மீட்’ என்ற பெயரில் கறி ஆலை வரை வளர்ந்தது. நோக்கம் நல்லது, பெயரும் பரவியது. நடைமுறை மூலதனம் போதாமல் ஆலை நின்றபோது, பணம் போட்டவர்கள் அதைத் திரும்பப் பெறக் காத்திருக்க வேண்டியதாயிற்று. கறி வியாபாரத்தில் ஒரு நாள் மின்தடையும் ஒரு வாரத் தேக்கமும் மொத்த முதலைச் சாப்பிடும். உயிரோடு எடைக்கு விற்பதில் அந்த இடர் இல்லை.

அரசே ஆட்டுக்குக் குறைந்தபட்ச விலை அறிவிக்கட்டுமே என்ற கோரிக்கையும் எழுகிறது. பாலுக்கு அறிவிப்பு பலிக்கக் காரணம், வாங்குவதும் அதே கூட்டுறவு அமைப்பு என்பதுதான். ஆட்டை வாங்க அப்படி ஓர் அமைப்பு இல்லாதவரை அறிவிப்பு காகிதத்தில் நிற்கும். கேட்க வேண்டியவை வேறு: ஒவ்வொரு ஆட்டுச் சந்தையிலும் முத்திரையிட்ட பொதுத் தராசு, அன்றைய உயிர் எடை விலையை எழுதும் பலகை. இரண்டும் உள்ளாட்சி நிதியிலேயே முடியும் வேலைகள்.

மாடு, எருமை விற்பவர்களுக்கு

அளவு நாடாவும் பின்னோக்குக் கணக்கும் மாட்டுக்கும் பொருந்தும். சட்டம் மட்டும் வேறு. தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் 1958இன்படி 10 வயதுக்கு மேலாகி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்றோ, தீராத ஊனமோ நோயோ உள்ளது என்றோ உரிய சான்று இல்லாமல் அறுப்பு கூடாது. பசு அறுப்புக்கு 1976இன் அரசாணைத் தடையும் உண்டு. 2017 மே மாதம் ஒன்றிய அரசு கொண்டுவந்த கால்நடைச் சந்தை விதிகள் அறுப்புக்கான விற்பனையைச் சந்தைகளில் தடுத்தபோது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சில நாட்களிலேயே இடைக்காலத் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் விரித்தது. விதி மாறும் பயம் இருக்கும் சந்தையில் தனியாக விற்பவர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார். வாங்கியவரின் அடையாளம், தேதி, எடை, சான்று எண் ஆகியவற்றோடு ரசீது எழுதாமல் மாட்டைக் கைமாற்றாதீர்கள்.

பாதுகாப்பு

கூட்டு விற்பனையில் பல பட்டி ஆடுகள் ஓரிடத்தில் சேர்வதால் நோயும் சேரும். ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரித் தடுப்பூசிகளை விற்பனைக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே கால்நடை மருந்தகத்தில் போட்டு முடியுங்கள். மூக்கொழுகல், கழிச்சல், வாய்ப்புண் உள்ள ஆட்டை அன்று கொண்டுவரவே கூடாது. விற்காமல் திரும்பிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். மருந்து ஊசி போட்ட ஆட்டை, மருத்துவர் சொன்ன விலக்கு நாட்கள் முடியாமல் கறிக்கு விற்பது வாங்கி உண்பவருக்குச் செய்யும் தீங்கு. தராசில் ஏற்றும்போது கொம்பையோ காலையோ பிடித்துத் தூக்காதீர்கள். வயிற்றுக்குக் கீழே அகலப் பட்டை போட்டுத் தூக்குங்கள். வண்டியில் ஏற்றுமுன் பயணத்துக்குத் தகுதி என்ற கால்நடை மருத்துவர் சான்று வாங்குங்கள். கிடாக்களையும் குட்டிகளையும் பிரித்து ஏற்றுங்கள், தரையில் வைக்கோல் பரப்புங்கள். கொட்டகையையும் தராசையும் கழுவுபவர் காலணியும் கையுறையும் போடட்டும். குட்டி போட்ட, கருச்சிதைந்த ஆட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடுவது புருசெல்லா போன்ற கிருமிகளுக்கு வழி விடும்.

விற்பனைச் சீட்டில் இருக்க வேண்டியவை

விற்பனை முடிந்த அன்று மாலைக்குள் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு சீட்டு கொடுங்கள். காது வில்லை எண், எடை, தரப் பிரிவு, கிலோ விலை, மொத்தத் தொகை, அவசரக் கடன் பிடித்தம், குழுச் செலவுக்கு எடுத்த தொகை, கணக்கில் செலுத்திய தொகை என்று எட்டு வரிகள். குழுச் செலவு மொத்த விற்பனையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு அவர் வீட்டுப் பிள்ளை முன்னிலையில் வாசித்துக் காட்டுங்கள். சீட்டின் நகல் நோட்டில் ஒட்டப்பட வேண்டும். அடுத்த விற்பனைக்கு விலை எல்லை முடிவு செய்யும் கூட்டத்தில் முதலில் திறக்க வேண்டிய பக்கம் அதுதான்.